பலகை போட்டிருந்த நாட்கள்

ஏறு. இன்னும் நாலு சென்ரிமீற்றர். நாளைக்குக் காலமை அவையள் வரேக்கை ஒரு மீற்றரைத் தாண்டி நிக்கவேணும். ஏறு, என்ரை குஞ்சு.

தயாளினி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போகிற மினிபஸ்ஸில், ஈரக் குடைகளுக்கும் பள்ளிக்கூடப் பைகளுக்கும் நடுவே, ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையிலிருந்த போனைப் பார்த்தபடி மனதுக்குள் சொன்னாள். திரையில் ஒரு நீலக்கோடு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது நூலளவு மேலே நகர்ந்தது. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பஸ்ஸில் நின்றவர்கள் எல்லோரும் மழையைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் ஒருத்திதான் அதைக் கொஞ்சிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கோடு அவளுடையது. அச்சுவேலிக்குக் கிழக்கே, தோட்டங்களுக்கு நடுவால் போய்க் கடல்நீரேரியில் விழுகிற வெள்ளவாய்க்கால் ஒன்றில், சின்னப் பாலத்துக்குக் கீழே, கவிழ்த்துத் தொங்கவிட்ட தேத்தண்ணிக் கோப்பை அளவில் ஒரு கருவி இருந்தது. கீழே இருக்கிற தண்ணீரை நோக்கி, காதுக்குக் கேளாத ஒரு சத்தத்தை அது அனுப்பும். சத்தம் தண்ணீரில் பட்டுத் திரும்பிவர எடுக்கும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டம் எவ்வளவு என்று அறியும். மட்டம் தெரிந்தால் ஓடுகிற தண்ணீரின் அளவைக் கணக்குப் பார்த்துவிடலாம். அதற்கென்றே பாலத்தடியில் வாய்க்காலை இரண்டு மீற்றர் அகலத்துக்கு ஒடுக்கிச் சீமெந்தால் கட்டியிருந்தார்கள். இன்ன உயரத்துக்கு இன்ன அளவு தண்ணீர் என்கிற சூத்திரத்தைக் கணினிக்குள் போட்டவள் தயாளினி. போன மாரியில் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி நின்று, அளந்து அளந்து, அந்தச் சூத்திரத்தைச் சரிபார்த்தவளும் அவள்தான். கால்விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி ஒரு மாதம் செருப்புப் போட முடியாமல் இருந்தது.

தோட்டக்காரர் கருவியைக் 'கமரா' என்றார்கள். பொலிஸ் வைத்தது என்று முதலில் பயந்தார்கள். பிறகு பழகிப்போய், அதற்குக் கீழே இருந்து வெங்காயம் அலசினார்கள்.

வியாழக்கிழமை கருவிக்குத் திறப்புவிழா. கொழும்பிலிருந்து இரண்டு பேரும், திட்டத்துக்கு உதவிசெய்த வெளிநாட்டிலிருந்து இரண்டு பேரும் வருவதாக இருந்தது. திங்கட்கிழமை அவளுடைய மேலதிகாரி, பொறியியலாளர் சிவகரன், பாலத்தில் வந்து நின்று வாய்க்காலைப் பார்த்தார். அப்போது மழை பிடிக்கவில்லை. கணுக்கால் அளவுத் தண்ணீர் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"உதைக் காட்டவோ அவையளைக் கூப்பிட்டிருக்கிறம்? கொக்குக்கும் உது காணாது."

"முகத்துவாரத்திலை பலகையைப் போட்டால் தண்ணி நிண்டு ஏறும், சேர்," என்றாள் தயாளினி. "மூண்டு நாள் காணும்."

அவர் சிரித்தார். "மூளைக்காரி. செய்யும்."

அவ்வளவுதான் பேச்சு. வாய்க்கால் நீரேரியில் விழுகிற இடத்தில் உவர்நீர் ஏறாமலிருக்க ஒரு கதவணை உண்டு. கோடையில் அதற்குப் பலகைகளைப் போடுவதும், ஐப்பசி மழையோடு கழற்றி வைப்பதும் வழக்கம். அந்த வருடம் கழற்றி ஒரு கிழமையாகியிருந்த பலகைகளைத் திரும்பப் போட்டார்கள். போட்டவர் கிறகோரி. நீரேரியில் இறால் பிடிக்கிறவர். பலகை பார்க்கிறதுக்கு நாட்சம்பளம். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "மழைக்குப் பலகை போடுறதை இண்டைக்குத்தான் காணுறன், மிஸ். நீங்கள் படிச்சனீங்கள்," என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை பிடித்தது.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கிறகோரி போன் எடுத்தார்.

"மிஸ், தண்ணி விறுவிறெண்டு ஏறுது. ரெண்டு பலகையைக் கழட்டி விடட்டே?"

"எவ்வளவு ஏறினது, கிறகோரி அண்ணை?"

"உங்கடை போனிலை தெரியுமெண்டு சொன்னியள். இப்ப என்னட்டைக் கேக்கிறியள்."

தயாளினி சிவகரனின் அறைக்குப் போனாள். அவர் விருந்தாளிகளின் சாப்பாட்டைப் பற்றி யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு, "நாளைக்குப் பத்து மணிக்கு அவையள் பாத்திட்டுப் போயிடுவினம். போன உடனை எடுக்கச் சொல்லும்," என்றார். அவள் அதை அப்படியே கிறகோரிக்குச் சொன்னாள்.

பின்னேரம் மூன்றரைக்குத் திரும்பவும் எடுத்தார்.

"மிஸ், தோட்டத்து வடிகானாலை தண்ணி பின்பக்கமாத் தோட்டத்துக்கையே போகுது. வாய்க்காலுக்கை ஒரு பூவரசம் இலையைப் போட்டுப் பாத்தன். போட்ட இடத்திலையே நிக்குது. காத்தடிச்சால் மேற்கை போகுது. கடல் கிழக்கையெல்லே கிடக்கு."

"இலையைப் போட்டு அளக்கிறதுக்கே நாங்கள் உந்தக் கருவியைப் பூட்டினது?" என்றாள் தயாளினி.

கிறகோரி மரியாதைக்குச் சிரித்தார். "இறால்காரனுக்குத் தண்ணி நிக்கிறதும் ஓடுறதும் தெரியாமல் போகுமே, மிஸ். சரி. நாளைக்கெண்டால் நாளைக்கு."

இந்த முறை அவள் சிவகரனிடம் போகவில்லை. அவருடைய அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவளுடைய மேசையிலிருந்து பத்து அடி. அவர் போனில்கூடக் கதைத்துக்கொண்டிருக்கவில்லை, நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும் என்று அவள் பிறகு தனக்குச் சொல்லிப் பார்த்தாள். வந்திருக்கலாம். ஆனால் கேட்காததற்குக் காரணம் அதுவல்ல. கோடு ஒரு மீற்றர் பத்தைத் தொட்டிருந்தது. நாளைக்குத் திரையில் காட்டுவதற்காக அதற்கு நிறம் பூசிக்கொண்டிருந்தாள், அடியில் வெளிர்நீலம், மேலே கடும்நீலம். கேட்டால், அவர் ஒருவேளை மனம் மாறி எடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள். அதுதான் காரணம். அதை அவள் அறிந்துகொள்ள மூன்று மாதம் எடுத்தது.

வியாழக்கிழமை மழை விட்டுவிட்டுத் தூறியது. பாலத்துக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு நிறைகுடம் வைத்திருந்தார்கள். கருவி உண்மையில் இரண்டு வாங்கியிருந்தார்கள். ஒன்று பாலத்தடிக்கு. மற்றது அதற்குக் கீழே, கதவணைப் பக்கத்துக்கு. கீழே தண்ணீர் தேங்கினால் மேலே இருக்கிற சூத்திரம் செல்லாது. தேங்குகிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் இரண்டாவது. அதற்குத் தூண் நட நேரம் கிடைக்கவில்லை. வந்தவர்கள் தொட்டுப் பார்க்கட்டும் என்று நிறைகுடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். யாரோ அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்கள்.

திரையில் கடும்நீலம் ஏறியிருந்தது. செக்கனுக்கு நான்கு தசம் இரண்டு கன மீற்றர் என்று பெரிய எழுத்தில் விழுந்தது. "இவ்வளவு தண்ணீரும் கடலுக்கா போகிறது?" என்று வெளிநாட்டுப் பெண் கேட்டாள். ஓம் என்றார் சிவகரன். எல்லோரும் கைதட்டினார்கள். தயாளினி குனிந்து பாலத்துக்குக் கீழே பார்த்தாள். செம்பாட்டு நிறத்தில் தண்ணீர் சுவர்முட்ட நின்றது. அதன்மேல் நுரையும் வைக்கோலும் ஒரு பழைய பிளாஸ்ரிக் செருப்பும் அசையாமல் கிடந்தன. அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே அவளும் கைதட்டினாள்.

பலகைகள் ஊறி, தண்ணீரின் பாரத்தில் இறுகிப்போயிருந்தன. கிறகோரியும் இன்னும் நாலு பேரும் இரும்பு அலவாங்கு போட்டுத் தெண்டியும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் உழவு இயந்திரம் கொண்டுவந்து சங்கிலி பூட்டி இழுத்தபோதுதான் முதல் பலகை வந்தது. அதற்குள் நாற்பத்தொரு குடும்பங்களின் தோட்டத்தில் மூன்றாம் நாள் தண்ணீர். வெங்காயம் ஒரு நாள் தாங்கும். இரண்டாம் நாள் தாள் மஞ்சளாகும். மூன்றாம் நாளுக்குப் பிறகு மண்ணுக்குள்ளேயே அவிந்துபோகும். தண்ணீர் வடிந்தபின் அந்தப் பக்கம் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

தோட்டக்காரர் எல்லோரும் சேர்ந்து மனு எழுதினார்கள். அதன்பேரில் மேலிடம் விசாரணைக் குழு ஒன்று போட்டது; அதற்கு அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் பொறுப்பு சிவகரனுக்கு.

தையில் ஒரு நாள் தயாளினி கருவியைத் துடைக்கப் போனாள். சிலந்தி வலை கட்டினால் அது தண்ணீரை விட்டுவிட்டு வலையை அளந்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை துடைக்கவேண்டும். பாலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாய்க்கால் வரம்பில் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது, ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிய பாவாடை, மேலே ஒரு பழைய ஆண் சேட்டு.

"பிள்ளைதானே உந்தக் கமராவுக்குப் பொறுப்பு?"

"ஓம், அக்கா."

"என்ரை பேர் இராசமலர். உந்தா, அந்த மூண்டு பரப்பும் என்ரை." வாய்க்காலோடு ஒட்டிக் கிடந்த வெறுந்தரையைக் காட்டினாள். "காணி உறுதியிலை வடக்கெல்லை வாய்க்கால் எண்டு கிடக்கு. ஆனால் கந்தோராலை வந்து அளந்துபோட்டுப் போனவையள், நான் வாய்க்காலின்ரை காணிக்கை தோட்டம் செய்யிறனாம். அதாலைதான் வெள்ளம் நிண்டதாம். தண்ணி ஓடுறதுக்கு நான்தான் மறிப்பாம்."

தயாளினி எழுந்து உட்கார்ந்தாள்.

"பலகை போட்டுக் கிடந்தது பிள்ளை. நான் என்ரை கண்ணாலை பாத்தனான். அதைச் சொன்னால், உனக்குத் தெரியுமோ, பலகை எடுத்துக் கிடந்தது எண்டினம். இடுப்பளவு தண்ணிக்கை நிண்டு நான் என்னத்தைப் பாத்தன், கலியாண ஊர்வலமே?" அவள் கருவியை அண்ணாந்து பார்த்தாள். "எனக்கு ஒரு யோசினை. உது அண்டைக்கு முழுக்கப் பாத்துக்கொண்டுதானே நிண்டது. மனிசர் மாறிக் கதைப்பினம். உது மாறிக் கதையாதே. உதுக்குள்ளை கிடக்கிறதை எடுத்து விசாரணைக்குக் குடுங்கோவன்."

"அது படம் எடுக்கிறேல்லை, அக்கா. தண்ணி எவ்வளவு உயரம் எண்டு மட்டும்தான் பாக்கும்."

"காணுமே! எனக்கு அது காணும். உயரம் கிடக்குத்தானே?"

"கிடக்கு," என்றாள் தயாளினி.

"பேந்தென்ன," என்று சொல்லிவிட்டு இராசமலர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். நிம்மதியாகப் போனாள். அந்த நிம்மதியைத் தயாளினியால் தாங்க முடியவில்லை. கருவி பொய் சொல்லவில்லை. உயரம் ஒரு மீற்றர் பத்து என்றது. தண்ணீர் ஒரு மீற்றர் பத்தில்தான் நின்றது. அதற்கு மேலே சொன்னதெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது. இந்த உயரம் இருந்தால் இவ்வளவு ஓடுகிறது என்று சொல் என்று அவள்தான் பழக்கியிருந்தாள். நிற்கிற தண்ணீர் என்று ஒன்று உண்டு என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கே அவள் இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினாள். பலகை போட்டிருந்த நாட்களில் நீர்மட்டப் பதிவு சரி, நீரோட்டப் பதிவு செல்லாது, காரணம் இன்னது என்று எழுதி, விசாரணை அறிக்கையோடு சேர்க்கும்படி சிவகரனின் மேசையில் வைத்தாள். யார் பலகை போடச் சொன்னது என்பதை அதில் எழுதவில்லை. எழுதாமல் விட்டது தற்செயலாக அல்ல என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு முறை அந்த இடத்துக்கு வந்து இரண்டு முறையும் தாளிலிருந்து பேனையை எடுத்துவிட்டாள்.

மாசி பிறந்து மூன்றாம் நாள் சிவகரன் கூப்பிட்டார்.

"இரும்," என்று கதிரையைக் காட்டினார். அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். "பதினேழாம் பக்கம். கடைசியிலை உம்முடைய பேர் கிடக்கு. ஒப்பத்தை வையும், பின்னேரம் அனுப்பவேணும்."

அவள் பதினேழாம் பக்கத்தை வாசித்தாள். 'புதன், வியாழன் ஆகிய நாற்பத்தெட்டு மணித்தியாலங்களிலும் சராசரி நீரோட்டம் செக்கனுக்கு மூன்று தசம் எட்டு கன மீற்றர். ஆகவே கதவணை திறந்திருந்தது என்பது கருவியின் பதிவுகளால் உறுதியாகின்றது.' அதற்குக் கீழே, வாய்க்கால் ஓரத்தில் செய்கை பண்ணுவோரை அகற்றவேண்டும் என்ற பரிந்துரை. அதற்கும் கீழே, 'தரவுகளைச் சரிபார்த்தவர்: தயாளினி மார்க்கண்டு, தொழில்நுட்ப உத்தியோகத்தர்'.

"நான் எழுதித் தந்த குறிப்பு இதிலை இல்லை, சேர்."

"அது ஒரு பாடம் மாதிரியெல்லே கிடக்கு. குழுவிலை இருக்கிறவையள் ஆருக்கு உது விளங்கும்? குழம்பிப்போவினம்."

"தண்ணி நிண்டது, சேர். ஓடேல்லை. இந்தக் கணக்கு ஓடுற தண்ணிக்கு."

"கருவி சொன்னதைத்தானே போட்டிருக்கு. நாங்கள் ஒண்டைக் கூட்டினமோ, குறைச்சமோ?"

"அந்த ரெண்டு நாளும் பெய்த மழை நூற்றியறுபது மில்லிமீற்றர். வாய்க்காலுக்குத் தண்ணி வாற நிலம் ரெண்டு சதுர கிலோமீற்றர். பெருக்கினால் மூண்டு லட்சத்து இருபதினாயிரம் கன மீற்றர். இந்த அறிக்கையின்படி கடலுக்குப் போனது ஆறரை லட்சம். மழை பெய்ததிலும் பாக்க ரெண்டு மடங்கு, சேர்."

சிவகரன் வாய்விட்டுச் சிரித்தார். அது கெட்ட சிரிப்பில்லை; நல்லதொரு பகிடியைக் கேட்ட சிரிப்பு. "உம்மைத் தவிர வேறை ஆர் உதைப் பெருக்கிப் பாக்கப்போகினம்?"

யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

"கிறகோரியும் எழுதித் தந்திட்டான், பலகை எடுத்திருந்தது எண்டு," என்றார் அவர். அது அவளுக்குப் புதிதல்ல. முந்தின கிழமை கிறகோரியே சொல்லியிருந்தார், முகத்தைப் பாராமல், வலையைப் பார்த்துக்கொண்டு. "நாட்சம்பளக்காரன் வேறை என்னத்தை எழுதுறது, மிஸ்? நீங்களும் அதைத்தானே எழுதப்போறியள்." குத்துவதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் அது உள்ளே போய்த் தங்கிவிட்டது.

சிவகரன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தயாளினி, உமக்காகத்தான் நான் உதைச் செய்யிறன். விளங்கிக்கொள்ளும். பலகை போட்டிருந்தது எண்டு எழுதினால் அடுத்த கேள்வி என்ன? ஆர் போடச் சொன்னது. பேந்து, தண்ணி ஏறுது எண்டு அவன் ஆருக்குச் சொன்னவன். காலமை எடுத்ததுக்கு நான் பதில் சொல்லுவன். பின்னேரம் மூண்டரைக்கு எடுத்தது அண்டைக்கு எனக்குத் தெரியாது, பிறகு அவன் சொல்லித்தான் தெரியும். எனக்கு ஆரும் சொல்லேல்லை."

அந்த இரண்டாவது அழைப்பு தனக்குள் மட்டும் இருக்கிற ஒன்று என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். இரவில் அதை எடுத்துப் பார்ப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தாள். அது இந்த அறையில், இந்த மேசை லாச்சியில், நேரம் குறித்து இருந்திருக்கிறது.

"ஒன்பது வருஷம் ஒப்பந்தத்திலை இழுபட்டனீர்," அவர் குரல் தணிந்தது. உண்மையான பரிவுதான். "உம்மை நிரந்தரமாக்கிற கடிதம் என்ரை கையிலைதான் கிடக்கு. அதையும் உதையும் ஒண்டாய்க் கொழும்புக்கு அனுப்பலாமெண்டு பாக்கிறன். அம்மாவையும் வைச்சுக்கொண்டு நீர் எத்தினை நாளைக்கு?"

அவள் பேனையைத் திறந்தாள். அதை அவள் பிறகும் மறைக்கமாட்டாள், திறந்தாள். வைத்துவிடலாம் என்றுதான் இருந்தது. அவர் வெட்டிய குழி பெரியது. அதற்குள் அவளுடைய மூன்றரை மணியும் போய்விடும். மேலே மண்ணைப் போட்டுவிட்டால், நாற்பத்தொரு குடும்பம் சத்தம்போட்டாலும் அது வெளியே வராது. இராசமலர் வாய்க்கால் காணியைப் பிடித்தவள் ஆகிவிடுவாள். மழைதான் குற்றவாளி. கருவி சாட்சி. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவும் கிடைக்கும்.

நேர்மை, நியாயம் என்று அவள் மனதில் ஒன்றும் எழவில்லை. எழுந்திருந்தால் அன்றைக்குப் பாலத்தில் கைதட்டியிருக்கமாட்டாள். எழுந்தது வேறொன்று. இவர் தன்னைப் பார்க்கிற பார்வை. தன்னைப்போல் இன்னொருத்தியைக் கண்டுகொண்ட பார்வை அது. வெறுப்பில்லை, மிரட்டலில்லை, தன் வீட்டு ஆளைப் பார்ப்பதுபோல. இந்தக் கையெழுத்துக்குப் பிறகு இந்தப் பார்வை மாறாது. ஓய்வுபெறும் வரைக்கும், ஒவ்வொரு நாளும், தேத்தண்ணி நேரத்தில், பத்து அடி தூரத்திலிருந்து இது தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அவர் சொல்வதும் பிழையில்லை. இரண்டு பேரும் ஒரே ஆட்கள்தான். அதை எழுத்தில் கொடுக்க மட்டும்தான் அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் வைக்காவிட்டாலும் அறிக்கை போகும். வேறொருவர் வைப்பார். இராசமலரின் மூன்று பரப்பும் போகலாம். அதிலெல்லாம் அவளுக்கு நம்பிக்கை ஒன்றும் இல்லை.

"என்ன யோசிக்கிறீர்?"

"ஆர் பலகை போடச் சொன்னது எண்டு கேட்டால், நான் எண்டு சொல்லுவன், சேர். பின்னேரம் எடுத்ததும் எனக்குத்தான் எண்டு சொல்லுவன்."

"விசரே உமக்கு? உம்மை ஆர் இப்ப அதைக் கேட்டது? நான் கேக்கிறது ஒரு ஒப்பம்."

அவள் அறிக்கையை மூடி, விளிம்புகளை ஒழுங்காகத் தட்டி, அவர் பக்கம் தள்ளினாள்.

"வீட்டை போய் யோசிச்சிட்டு வாரும்," என்றார் சிவகரன். "நாளைக்குக் காலமை வையும். ஒருநாள் பிந்தினாலும் பரவாயில்லை."

"இல்லை, சேர்," என்றாள் தயாளினி. "நாளைக்கும் வைக்கமாட்டன்."